உன் காதில் மாட்டிய என் தூண்டில்

நேற்று கடையில் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். கூரியர்காரர் நீளக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். உன் மகள் அனுப்பியது. மூடியைத் திருகியதும் கண்மாய்ச் சேற்றின் வாடை. உன் தூண்டில் கம்பின் தக்கைப் பிடியில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

ஸ்காட்லாந்தில் இருபது வருடத்துக்குமேல் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு ஆவூருக்குத் திரும்பிய வாரமே, இலுப்பூரில் என் தையல் கடையைத் தேடி வந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாம். அப்போது இருவருக்கும் ஐம்பத்திரண்டு வயது.

"ஞாயித்துக்கெழம என்னடி பண்ணுவ?"

"துணி தொவைப்பேன், தூங்குவேன்."

"இனிமே வந்துரு. ஒனக்கு மீன் புடிக்கச் சொல்லித் தாரேன்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

முதல் இரண்டு மாதம் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. வறண்டு கிடந்த கண்மாய்க்குள் நிற்க வைத்து, தூண்டில் முள்ளுக்குப் பதிலாகச் சிவப்பு உல்லன் துணுக்கைக் கட்டி வீசச் சொன்னாய். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஸ்காட்லாந்தில் நீ பழகிய முறை வேறு; முள்ளில் கோழி இறகைச் சுற்றி நீ கட்டிய பொய்ப் பூச்சிக்கோ எடையே கிடையாது. தடித்த மஞ்சள் நூலின் எடையைத்தான் வீச வேண்டும். கம்பைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, நூல் முதுகுக்குப் பின்னே முழுதாக நீளும்வரை பொறுக்க வேண்டும். எனக்குப் பொறுக்காது. நூல் சாட்டைபோலச் சொடுக்கும். மணிக்கட்டு மடங்காமலிருக்க, நான் கொண்டுவந்த வெட்டுத்துணியால் கையையும் கம்பையும் சேர்த்துக் கட்டிவிட்டாய்.

ஆடு மேய்க்க வந்தவர் ஒருநாள் நின்று பார்த்தார். "என்னக்கா, ரெண்டு பேரும் கம்ப வச்சுக் கொசு வெரட்டுறீங்களா?"

"ஆமாண்ணே, ஒங்க ஆட்டக் கடிக்கிற கொசுவத்தான்" என்றாய்.

மழை பெய்து கண்மாய் நிறைந்தது. முள் கட்டிய முதல் நாள், மூன்றாவது வீச்சில் காற்று திரும்பியது. பின்னால் "ஆ!" என்றாய். முள் உன் வலது காது மடலில் ஏறியிருந்தது. அழுதது நான்தான். நரம்பை எப்படி வெட்டுவதென்றுகூட நீதான் சொல்லிக்கொடுத்தாய்.

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்த டாக்டர், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். "வெளியில இருடி" என்றாய். நான் நகரவில்லை. நீ சொன்ன மருந்துகளின் பெயர் ஒன்றும் எனக்குப் புரியவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கீமோ எப்ப நிறுத்துனீங்க?"

"ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி, சார்."

அது புரிந்தது. குட்டையாக வெட்டிய முடிக்கு நீ வெயிலைக் காரணம் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

பஸ் ஸ்டாப்பில் வைத்து, "ஏண்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா கஞ்சி வச்சுக்கிட்டுப் பக்கத்துல ஒக்காந்து அழுவ. எனக்கு அழுகுறதுக்கு ஆள் இருக்குடி. கூட நின்னு சிரிக்கத்தான் ஆளு இல்ல."

இனிக் கம்பைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. கோபமா, பயமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. உனக்கு மிச்சமிருந்த ஞாயிறுகளில் இரண்டை அப்படித் தொலைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு, மூச்சு வாங்க என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "இன்னொரு காது நல்லாத்தான் இருக்கு. கெளம்பு."

அன்று கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாய். நான் கம்பைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன், பொறுத்தேன். சத்தமில்லாமல் நூல் முன்னால் ஓடி நீர்மேல் படுத்தது. பூச்சி விழுந்த இடத்தில் ஒரு சுழிப்பு. கம்பு வளைந்தது. குடையைப் போட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டே கீழே இறங்கி வந்தாய். "கம்ப எறக்காத! நூல லூசா விட்ராத!"

உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை.

"கொழம்பு வைப்பமா?" என்றேன்.

"இத வச்சா? சட்டி சிரிக்கும்டி."

கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, மீனைத் தண்ணீருக்குள் விட்டாய். அது போன பிறகும் நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். உனக்கு இருமல் வரும்வரை.

தை பிறக்கும் முன்னே உன்னை ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். மண் போடும்போது நான் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

இன்று கடையைத் திறக்காமல் கம்பை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனேன். கை மறந்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கம்பைப் பின்னால் எடுக்கும்போதும் திரும்பிப் பார்த்தேன். கரையில் யாருமில்லை. அப்படியும், நீ உட்காரும் இடத்துக்கு எட்டாதபடி நாலடி தள்ளி நின்றுதான் வீசினேன்.