சுவரை விடும் நாள்

என் செல்லப் பேத்திக்கு,

நீ கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பதால் இதை எழுதிக் கதவிடுக்கில் செருகுகிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்து, பொறுத்துக்கொள்.

நீ நடத்தும் நீச்சல் வகுப்பில் மூழ்கிய பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டான். அவன் அம்மா போனில் அழுதாள். "நீச்சல் டீச்சர் தூக்கலைன்னா என் புள்ள இல்லம்மா. அவங்கள மறுபடி கிளாசுக்கு வரச் சொல்லுங்க."

இன்று நீ இல்லாமல் நான் குளத்துக்குப் போனேன். கைக்குழந்தைக்காரிகள் முதல் என்னைப் போன்ற கிழங்கள் வரை எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உனக்குப் பதிலாக வந்தவர், "மூச்சை விடுங்கம்மா" என்றார். நீயானால் பாடச் சொல்வாய்; பாடுகிறவர்களால் மூச்சை அடக்க முடியாது என்பாய். "செத்தேன்டி" என்று நான் கத்தினால், "செத்தவங்க இவ்வளவு சத்தம் போட மாட்டாங்க பாட்டி" என்பாய். இன்று பயத்தில் சுவரைப் பிடித்த விரல்களை அவர்தான் பிரித்துவிட்டார்.

நாளைக் காலை ஆழமான பக்கம் இறங்க வேண்டுமாம். "அதுக்கென்ன, நான் யாரோட பாட்டி!" என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

உனக்கும் இப்போது தண்ணீரென்றால் பயம். தெரியும், கண்ணு.

நீ வராவிட்டால் நானும் இறங்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். வீம்புக்கு இறங்கிவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது.

வாசலில் காத்திருக்கும்,
உன் பாட்டி