அறுபத்திரண்டு வீட்டுச் சிவப்பு விளக்கு

ஜூலை 8, செவ்வாய்

பத்திரிகைக் கட்டுரைக்கு ஆள் கிடைத்தாயிற்று. இங்கே ஒலக்கூரில் கேபிள் டிவி நடத்தி, இப்போது வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஜெசிந்தா.

சரியான நேரத்தில்தான் போயிருக்கிறேன். கிழக்குத் தெரு லைனில் அறுபத்திரண்டு வீடுகள். நான்கு நாட்களாக எல்லா வீட்டுப் பெட்டியிலும் ஒரே நொடியில் சிவப்பு விளக்கு, நெட் இல்லை. சற்று நேரத்தில் தானாக வருகிறது, மறுபடி போகிறது. ஒரு பெரிய கம்பெனியின் ஆள் விண்ணப்பங்களோடு தெருவில் சுற்றுகிறான். "திங்கக்கெழம வரிக்கும் பாப்போம்மா, அப்பறம் எங்கள சொல்லாத" என்று தெருவே சொல்லிவிட்டதாம். அந்தத் தெரு போனால் அவள் கடையை மூட வேண்டியதுதான்.

ஜூலை 9, புதன்

திண்டிவனம் வட்டார ஆபரேட்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டாள். 9.10க்குக் கேள்வி போட்டாள். 9.13க்குள் ஏழு ஆலோசனைகள்! அதை மாத்து, இதை மாத்து. விழுப்புரம் விருத்தாசலம் மட்டும், "எதையும் மாத்தாத. மொதல்ல சிக்னல அளந்து பாரும்மா" என்றார். அளந்தாள். கேபிளில் பழுதில்லை.

ஜூலை 10, வியாழன்

இன்று மூன்று முறை. 11.05, 2.40, 4.15.

ஜூலை 11, வெள்ளி

விருத்தாசலம் கண்டுபிடித்துவிட்டார்! "ஏதோ ஒரு வூட்டுப் பொட்டி கெட்டுப்போய் கத்திக்கினு இருக்கும்மா." ஒரு லைனில் எல்லாப் பெட்டிகளும் முறை வைத்துத்தான் பேச வேண்டும், ஒன்று முறை தவறினால் மற்றவர் பேச்சு எடுபடாது. எந்த வீடு? ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். நாளை தேடல். இந்த வயதில் எனக்கு ஏன் இத்தனை பரபரப்பு?

ஜூலை 12, சனி

பெருமுக்கல் ஆபரேட்டர் தென்னரசு உதவிக்கு வந்தான். "நீங்களே இந்தத் தெருவை எடுத்துக்கொள்ளலாமே" என்றேன். "லைன் படுத்துக்கினு இருக்கும்போது அடுத்தவங்க வூட்ட தொட மாட்டோம் சார். நாளைக்கு என் லைன் படுத்துக்காதா?"

பட்டியலைப் பார்த்துக் கம்பம் கம்பமாகக் கழற்றினோம். அறுபத்திரண்டும் கழன்றன. எந்த ஒன்றை மட்டும் திரும்ப மாட்டினாலும்—சிவப்பு! அப்படியானால் கத்துவது அந்த அறுபத்திரண்டில் இல்லை.

ஆபீசில் தென்னரசு கேட்டான்: "லிஸ்ட்ல இல்லாத ஓசி கனெக்‌ஷன் எத்தினிக்கா?"

வார்டு மெம்பருக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று. எல்லா ஆபரேட்டரும் கொடுப்பார்கள், யாரும் எழுதி வைப்பதில்லை.

"ரெண்டு" என்றாள். என்னைப் பார்த்தாள். "மூணு."

ஆறு வருடம் முன்பு, நான் கேட்காமலே இதே லைனில் என் வீட்டுக்கு அவள் மாட்டிவிட்டுப் போனது.

எல்லா வீடுகளையும் மாட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தோம். தென்னரசு என் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான். ஆபீசிலிருந்து போனில் ஜெசிந்தாவின் கத்தல்: "வந்துட்ச்சு! அல்லாம் பச்ச!"

அய்யோ. தெருவே சிவப்பா இருக்கும்போது என் வூட்ல மட்டும் நெட் ஓடிக்கினு இருந்துச்சே. ஏன்னு ஒரு தடவையாச்சும் கேட்டேனா நான்? முப்பத்து நாலு வருஷமா ஊரையெல்லாம் கேள்வி கேட்ட ஆளு!

"நேத்தே தோணுச்சு சார்" என்றாள் ஜெசிந்தா. "பேப்பர்காரரு வூட்ல போயி எப்பிடி கழட்டறது?"

ஜூலை 14, திங்கள்

இரண்டு வீடுகள் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. அறுபது நின்றன! கட்டுரையை அனுப்பிவிட்டேன். கெட்ட பெட்டி யார் வீட்டில் இருந்தது என்று பெயரோடு முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். "வேணாம் சார், தெருவுல பேஜார் பண்ணுவாங்க" என்றாள். பண்ணட்டும்.

ஜூலை 17, வியாழன்

காலை 8.50. குழுவில் மயிலம் ஆபரேட்டர் ஒருவர்: லைன் முழுக்கச் சிவப்பு, என்ன செய்யலாம்?

8.51. ஜெசிந்தா: "உங்க ஊர்ல ரிப்போர்ட்டர் யாரும் இருக்காராண்ணே? அங்கேர்ந்து ஆரம்பிங்க."