கண் பரிசோதனைச் சான்றிதழ்

அன்புள்ள அப்பாவுக்கு,

கண் தெரியாதவரைக் கடலுக்கு அனுப்பலாமா? எனக்கு விடை தெரியவில்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இன்று துறைமுக மருத்துவமனைக்கு வந்த கிழ மீனவர், படகு உரிமத்துக்காக எழுத்துப் பலகையை மளமளவென்று ஒப்பித்தார். பலகை சுவரிலேயே இல்லை, துடைக்கக் கழற்றியிருந்தேன்.

“யாருடா சொல்லிக் கொடுத்தது?” என்று அவருடன் கடலுக்குப் போகும் பையனைக் கேட்டேன்.

“நான்தான் டாக்டரம்மா. இவருக்குக் கண்ணே நான்தானே!”

“கண்ணு இல்லம்மா, வாயி. மீனெல்லாம் பயந்து ஓடுது,” என்றார் கிழவர்.

சிரித்துவிட்டேன், சான்றிதழில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை, காற்றுதான் கொஞ்சம் வலுத்திருக்கிறது. என் சாம்பல்நிறச் சால்வையை அனுப்புங்கள். மாலையானால் இந்த அறை குளிர்கிறது.

மறுநாள் மாலை: பையன் கடலில் விழுந்துவிட்டான். எந்தப் பக்கம் என்று கிழவருக்குத் தெரியவில்லை. குரல் வந்த திசையெல்லாம் கயிற்றை வீசிக்கொண்டே இருந்தாராம். பையன் பிழைத்தான். இனிக் கடலுக்குப் போவதில்லை என்று கிழவர் சான்றிதழை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் அதைக் கொடுத்ததும் நான் வாங்கிக்கொண்டதும் பிடிக்காமல், பையன் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

உங்கள் மகள்