முந்நூறைத் தாண்டிய முள்

மார்ச் 4

சோதனை மேடைக்குப் புது மீட்டர் வந்தது. சாணைக்கல்லை வாங்குபவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டித்தான் விற்பேன். இந்தக் கடை வளர்ந்ததே அப்படித்தான். பழைய மீட்டர் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும். இது வேறு கணக்காம். "இது கோண வேகம்மா. நொடிக்கு எத்தனை ரேடியன்னு காட்டும்" என்றார் மாட்ட வந்த மெக்கானிக். தலையாட்டி வைத்தேன். புரிந்தால்தானே!

மார்ச் 5

புரியாத பொருளை நான் விற்பதில்லை. கல்லின் நடுவிலிருந்து விளிம்பு வரை நூலை அளந்து வெட்டி, அதை விளிம்போடு வளைத்து வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு நூல் அளவு கல் திரும்பினால் ஒரு ரேடியன். முழுச் சுற்றுக்கு ஆறு நூலும் கொஞ்சமும் பிடித்தது. பெரிய கல்லுக்கும் அதே ஆறு சொச்சம். அப்போ — முள் நூறு காட்டினால் நொடிக்குப் பதினாறு சுற்று, நிமிஷத்துக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம். ஓட்டம் ஒன்றுதான், அளக்கும் படிதான் வேறு. மூவாயிரம் சுற்று தாங்கும் கல்லென்றால், முள் முந்நூறைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

மார்ச் 9

வீட்டில் பஞ்சாயத்து. வார்ப்புப் பட்டறைக்காரரின் ஆர்டரைக் கொழுந்தன் பிடித்துவிட்டால் கடை இனி அவன் பொறுப்பாம். மூன்று தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவன்! "ஆம்பள இருக்கறப்ப நீ ஏம்மா மாடா உழைக்கணும்?" என்கிறார் மாமியார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

மார்ச் 11

மீட்டரைப் பற்றிக் கொழுந்தனிடம் சொல்லப் போனேன். "வேகத்தப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா அண்ணி? போய்க் கல்லாவுல உக்காருங்க." கடை ஆட்கள் சிரித்தார்கள்.

சரி. உட்கார்ந்தேன்.

மார்ச் 12

ஒரு முறை சொல்லப் போயாயிற்று. மறுபடி போக நான் என்ன அவனைப் பெற்றவளா?

மார்ச் 14

பட்டறைக்காரர் வந்தார். கல் நன்றாகத் தெரியட்டும் என்று கொழுந்தன் காப்பு மூடியையே கழற்றிவிட்டான். "மூவாயிரம் தாங்கும் சார், பாருங்க." முள் முந்நூறு. "இன்னும் பத்துல ஒரு பங்குதான் ஆயிருக்கு!" என்று ஏற்றினான். கல் ஊளையிட்டது. "சார், இப்படி வாங்க, விலையைப் பேசிடலாம்" என்று பட்டறைக்காரரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவனுக்கு — ஒரு வார்த்தை. நிறுத்துடான்னு ஒரே ஒரு வார்த்தை. தொண்ட வரைக்கும் வந்துச்சு. முள் ஐந்நூறு.

கல் வெடித்தது. அவன் வலது கை. மணிக்கட்டு வரை.

மார்ச் 15

ஏன் சொல்லல? ஏண்டி சொல்லல?

ஏப்ரல் 20

பட்டறைக்காரர் ஆர்டரை எனக்கே தந்தார். "நீங்க இழுக்கலேன்னா என் கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்மா" என்று கும்பிட்டார் வேறு. ஆர்டரை வாங்கிக்கொண்டேன். கும்பிட்டதையும்தான்.

மே 2

மாமியார் போன வாரம் என் அறை வாசலிலேயே நின்று, "அவனுக்கு ஏதாச்சும் வேலை போட்டுக் குடும்மா" என்றார். கொடுத்தேன். விலைச் சீட்டு ஒட்டும் வேலை. இடது கையால் ஒட்டுகிறான், பாதி கோணல். இன்று மதியம் என் மேஜைக்கு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "முதலாளி, பசை தீந்துடுச்சு" என்றான்.

அண்ணின்னே கூப்பிடுப்பா என்று சொல்லியிருக்கலாம்.

புது டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.