பெரியப்பாவின் நோட்டில் என் இடது கண்

மதுபனி,
சட் சூரிய விரதம் முடிந்த நான்காம் நாள்

அடியே ஜூஹி,

இங்கே எல்லோரும் சௌக்கியம், ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்திருக்கும் அளவுக்குச் சௌக்கியம், உன் சௌக்கியத்தைக் கேட்கலாம் என்றால் அதற்கு நீ வழி வைத்திருக்கிறாயா? நாலு மாதமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். பெற்ற தாயை. பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்றோ, பத்து வரி எழுதுவதற்குள் விரல் மரத்துப் போகிறது, தபாலாபீஸில் ஸ்டாம்பை எங்கே ஒட்டுவது என்று கேட்டதற்கு அந்தப் பையன் சிரிக்கிறான். அப்பா நம்பரை மட்டும் விட்டு வைத்திருக்கிறாய், அந்த மனுஷன் சாப்பிட்டியா, பெங்களூரில் மழையா என்று கேட்டுவிட்டு என் கையில் தராமலே வைத்துவிடுகிறார். கோபமாகத்தான் எழுதுகிறேன், இந்த இடத்தில் சிவப்பு மூஞ்சி பொம்மை ஐந்து போட்டதாக நினைத்துக்கொள். ஆனால் கிழித்துப் போடாதே. கோபம் முழுக்க உன் மேல் இல்லை, பாதிக்கு மேல் உன் பெரியப்பா மேல், மிச்சம் யார் மேல் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஆஷாட மாதம் அந்த வியாழக்கிழமை உனக்கு மறந்திருக்காது. சுதான்ஷு வீட்டுக்கு நாம் பதில் சொல்ல வேண்டிய நாள். ஏழு தலைமுறை வம்ச ஏட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு உறவுச் சிக்கலும் இல்லை என்று பஞ்சிக்காரர் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, பையனை நீயே பார்த்துப் பிடித்தாய், எனக்கும் பிடித்துப்போயிற்று, பாக்கி இருந்தது நம் வீட்டு வழக்கம் ஒன்றுதான். பதில் சொல்லும் நாள் காலையில் வீட்டில் யாருக்கு எங்கே துடித்தது, எங்கே அரித்தது என்று உன் பெரியப்பா உக்ரநாத் ஜாவிடம் சொல்ல வேண்டும், அவர் பஞ்சாங்கத்தையும் அந்தச் சிவப்பு நோட்டையும் வைத்துக்கொண்டு ஆம், இல்லை சொல்வார். அன்றைக்கு விழிக்கும்போதே எனக்கு இடது கண் மேலிமை துள்ள ஆரம்பித்தது. அடியே, எப்பேர்ப்பட்ட துடிப்பு தெரியுமா, சும்மா ஒன்று இரண்டு இல்லை, பல் தேய்க்கும்போது, அடுப்பு மூட்டும்போது, பூஜைக்குப் பூ பறிக்கும்போது, நிற்கவே இல்லை! பெண்ணுக்கு இடது மேலிமை என்றால் சுபச் செய்தி, பிரிந்தது கூடும், வீட்டில் மேளம். இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, மூன்று வருஷமாக வீடியோ பார்த்து, பழைய ஏடுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து நானே கற்றது. நான் நடத்தும் ‘இடப்பக்கம்’ வாட்ஸப் குரூப்பில் தர்பங்காவிலிருந்து ஜனக்பூர் வரை இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் இருக்கிறார்கள், குதிகால் அரித்தால்கூட என்னைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் பெரியப்பாவிடம் நான் எப்படிப் போய்ச் சொல்வது? கணவனின் அண்ணன். இருபத்துநாலு வருஷமாக அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை, நான் அவர் முன்னால் வாய் திறந்ததில்லை, உள்ளே வரும்போது தொண்டையைச் செருமுவார், நாங்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டுவோம். அதனால் உன் அப்பாவை அனுப்பினேன். போனவர் அரை மணியில் தொங்கின முகத்தோடு திரும்பி வந்தார், அண்ணன் வேண்டாம்னுட்டார், முறிஞ்சு போற சம்பந்தமாம் என்றார். இடது கண் ஆச்சே, எப்படிங்க வேண்டாம்னு வரும் என்று கேட்டேன், உன் ஃபோன் பண்டிதத்தை நிறுத்து, அவர் நாப்பது வருஷமா பாக்கறார், நீ நேத்திக்கு சார்ஜ் போட்டவ என்றார். திதி தோஷம் ஏதாவது குறுக்கே வந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு உனக்கு ஃபோன் போட்டேன். நீ அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது. உன் இமை துடிச்சா என் கல்யாணம் நிக்கணுமா, கண் டாக்டர்கிட்ட போம்மா என்றாய். வைத்தாய். அடைத்தாய்.

இப்போது கேள். சட் முடிந்து ஆற்றங்கரையிலிருந்து வந்த மறுநாள் பெரியம்மா ஒரு தட்டு டேக்குவா பலகாரமும் அந்தச் சிவப்பு நோட்டும் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா சொல்லி அனுப்பினாராம், ஊரெல்லாம் எதையெதையோ ஃபோனில் ஏத்தறாங்க, என் நாற்பது வருஷத்து அனுபவத்தையும் அந்த ஃபோன் பண்டிதையை விட்டு ஏத்தச் சொல்லு என்று. கிண்டலும் அவர்தான், வேலை வாங்குவதும் அவர்தான். ஆனாலும் எனக்குக் கை பரபரத்தது, பொய் சொல்ல மாட்டேன், அந்த நோட்டைத் தொட எத்தனை நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்! பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தேன், ஆஷாட வியாழக்கிழமை வந்தது. அவர் கையெழுத்தில் இருக்கிறது, தம்பி லலன், இடது கண் மேலிமை, விடியலிலிருந்து, ஆணுக்கு இடது ஆகாது, பிரிவு, பதில் இல்லை. தம்பி லலன்! உன் அப்பா கண்ணாம்! உன் அப்பாவைக் கூப்பிட்டு அன்றைக்கு நீங்க என்னதான் சொன்னீங்க என்று கேட்டேன். இடது கண்ணு காலையிலேருந்து துடிக்குதுண்ணான்னு சொன்னேன் என்றார். யாரோட கண்ணுன்னு சொன்னீங்களா என்றேன். அண்ணன் முன்னால போயி பொண்டாட்டி கண்ணு, பொண்டாட்டி இமைன்னு எப்படிடி பேசறது, வெக்கமா இல்ல என்றார். அடப்பாவி மனுஷா, உன் வெட்கத்துக்கு என் பெண்ணின் வாழ்க்கையா என்று கேட்டேன், கேட்டுவிட்டு நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். நாற்பது வருஷம், ஜூஹி. ஒரு பெண் பெயர் இல்லை. இந்த வீட்டுப் பெண்களின் தோளும் தொடையும் உள்ளங்கையும் எல்லாம் ஆம்பிளைப் பெயரில் எழுதி, ஆம்பிளைக்கான பலன் பார்த்து, தலைகீழாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், கார்த்திக மாதத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தம்பி லலனுக்கு அடிவயிற்றில் துடிப்பு, வாயுக்கோளாறு, ஓமத்தண்ணி குடிக்கவும். அது நீ. முதல் முதலாக நீ உள்ளே உதைத்த நாள் அது. நான் சந்தோஷம் தாங்காமல் உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் போய் அண்ணனிடம் வயித்துல துடிக்குதாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஓமத்தண்ணியை அவர் குடித்திருக்கவும் வேண்டும், அண்ணன் சொன்னால் குடிப்பார்.

நோட்டை எடுத்துக்கொண்டு நேராக வெளி அறைக்குப் போனேன். வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன், அவர் எங்களுக்குச் செருமுகிற மாதிரியே. யாரது என்று நிமிர்ந்தார், என் முக்காட்டைப் பார்த்ததும் தேள் கொட்டினவர் மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, யாராவது இந்தம்மாவ உள்ள போகச் சொல்லுங்க என்றார். அறையில் என்னையும் அவரையும் தவிர யாரும் இல்லை. நானும் முக்காட்டை விலக்கவில்லை, மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டே சண்டை போட்டேன். அது என் கண்ணு, உங்க தம்பி கண்ணு இல்ல, பொம்பளை கண்ணுக்கு ஆம்பளை பலன் பாத்து என் பொண்ணை நாலு மாசமா என்கிட்டேருந்து பிரிச்சுட்டீங்க, நீங்க படிச்ச ஏட்டுலயே பெண்ணுக்கு மாற்றிப் படின்னு இருக்கே, மாத்திப் படிக்கணும்னா முதல்ல பொம்பளைன்னு ஒருத்தி இருக்கறதாவது தெரியணும்ல என்றேன். அவர் காலண்டரிடம், எழுதினது எழுதினதுதான், நோட்டுல அடிச்சுத் திருத்தற வழக்கம் இல்லன்னு சொல்லுங்க என்றார். அப்போதுதான் மீன் பொரித்துக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியோடு வந்து நின்றாள், எண்ணெய் சொட்டுகிறது. உங்க இடது உள்ளங்கை அரிச்சுதுன்னு பன்னெண்டு எடத்துல எழுதியிருக்கீங்களாமே, அதெல்லாம் என் கைங்க, பாத்திரம் தேய்ச்ச கை, உங்க கையில அரிக்கறதுக்கு என்ன இருக்கு, அதைப் பாத்துட்டு மூணு வருஷம் தேவ்கர் யாத்திரைக்கும் போகாம என்னையும் போகவிடாம உக்காத்தி வச்சீங்களே என்றாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. அவர் நான் வைத்த நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, காலண்டரைப் பார்த்தே, யாரோட கண்ணு என்று கேட்டார். கும்கும் தேவி என்றேன். எந்தப் பக்கம் என்றார். இடது, மேலிமை என்றேன். எழுதினார். பலன் சுபம் என்றும் எழுதினார். பேனாவை மூடிவிட்டு, இந்தம்மா பாடம் சரியாத்தான் படிச்சிருக்காங்கன்னு சொல்லுங்க என்று காலண்டரிடம் சொன்னார். இந்தப் பாராட்டுக்கு நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. நோட்டைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், ஃபோனில் ஏற்றும்போது தலைப்பிலேயே எழுதப்போகிறேன், இதில் உள்ள ஆண்களில் பாதிப்பேர் பெண்கள் என்று.

சுதான்ஷு அம்மாவுக்கும் நானே ஃபோன் போட்டேன். அந்த சகர்ஸா ஊர்க்காரி லேசில் விடுவாளா, நாலு மாசம் கழிச்சு உங்க கண்ணு நின்னுடுச்சாக்கும், இப்ப எந்த அவயவம் துடிக்குதுன்னு கூப்பிட்டீங்க என்றாள். வாங்கிக்கொண்டேன். பிறகு சொன்னாள், அவன் வேற பொண்ணு போட்டோவையே பாக்க மாட்டேங்கறான், அதுக்காக நான் காலம் பூரா காத்துக்கிட்டு இருப்பேனா, வர்ற அகன் மாசம் பஞ்சமி வரைக்கும் பாப்பேன், அதுக்கப்புறம் வேற இடம்தான், பதிலை உங்க வீட்டு நோட்டு சொல்ல வேண்டாம், உங்க பொண்ணு சொல்லட்டும் என்று. சரி என்று மட்டும் சொன்னேன். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன். ஏனென்றால் மிச்சக் கோபம் யார் மேல் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா, அது என் மேல். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பாடம் சொல்கிறவள் சொந்த வீட்டில் தப்பு என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, வேண்டாம் என்பதை உனக்கு என் வாயாலேயே சொன்னேன். அதை எந்த நோட்டிலும் பெரியப்பா எழுதவில்லை, அது என் கணக்கு. உன் மேலும் கோபம் இருக்கிறது, கண் டாக்டரிடம் போ என்றது மன்னிக்க முடியாத பேச்சு, சாஸ்திரம் தப்பில்லை, படித்த ஆள்தான் தப்பு, இதை நேரில் வந்தால் சண்டை போட்டுக்கொள்வோம்.

பதில் ஆம் என்றால் தேதியை மட்டும் சீதைக்குக் கல்யாணம் நடந்த விவாக பஞ்சமியில் வைக்காதே, நம் ஊரில் யாரும் வைப்பதில்லை, சீதை பட்டது போதும். இல்லை என்றால் அதையும் நீயே அந்தப் பையனிடம் சொல்லிவிடு, காத்திருக்க விடாதே. மக்கானா பொரியும் டேக்குவாவும் தனிப் பார்சலில் வருகிறது, டேக்குவாவை ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிடாதே. இதை எழுதும்போதும் இடது கண் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. பலன் எனக்குத் தெரியும். உனக்கு எழுத மாட்டேன். மகராசியாக இரு, எந்தப் பக்கம் துடித்தாலும் உனக்கு நல்லதே நடக்கட்டும். மறக்காதே, பஞ்சமி வெள்ளிக்கிழமை வருகிறது, அதற்கு முன்னால் என் நம்பரைத் திற.

உன் அம்மா,
கும்கும் தேவி
(நோட்டில் இப்போது இருக்கும் ஒரே பெண் பெயர், பெரியம்மா பெயரை நாளைக்கு எழுதுகிறாராம்)