பதினோரு முறை சுட்ட செங்கல்

மொராவாக் கரை
12 பிப்ரவரி 2006

அன்புள்ள திஹோமிருக்கு,

க்வோஸ்தென் சொல்லச் சொல்ல, தபால்காரி ஸ்தமெனா எழுதுகிறாள். நான் நலம். ஆஸ்திரியாவில் நீயும் மகனும் மருமகளும் பேரன்களும் நலமா? உன் இடது முழங்கால் இந்தக் குளிருக்கு என்ன சொல்கிறது? டிசம்பர் நிக்கோலாஸ் பண்டிகைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. லின்ஸ் நகரத்தில் தாள் விலை ஏறிவிட்டதா என்று ஸ்தமெனாவிடம் கேட்டேன். "வம்பு பேசாம செய்தியச் சொல்லுங்க பெரியவரே, எனக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி" என்கிறாள்.

செய்தி இதுதான். சூளையை மறுபடியும் பற்றவைத்தேன். முதலாளியின் மேலாளர் வந்து, "வியாழக்கிழம தலைநகர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க தாத்தா, புகைபோக்கில புகை தெரியணும்" என்றார். மூன்று நாள் நிலக்கரி போட்டேன். பதினாறு அறைகளில் ஒன்றில் மட்டும் நெருப்பு. வியாழன் காலையில், சந்தையில் காய்ந்த மிளகாய் விற்கும் நம் பழைய ஆட்கள் எட்டுப் பேரை வேனில் ஏற்றிவந்து, புது நீல அங்கி மாட்டி, கையில் தள்ளுவண்டியைக் கொடுத்தார்கள். மிலுங்கா தன் அங்கியின் விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை.

தலைநகர் அதிகாரி ஒருவர் என்னிடம், "வேலை எப்படிப் போகுது பெரியவரே?" என்றார். "சூடாப் போகுதுங்க" என்றேன். சிரித்து, எழுதிக்கொண்டு போனார். மத்தியானமே வேன் அந்த எட்டுப் பேரையும் சந்தையில் இறக்கிவிட்டது.

எனக்கு ஒன்று புரியவில்லை. உள்ளே அடுக்கியது புதுக் கல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சுட்ட அதே நாலாயிரம் செங்கல்தான். களிமண் குழியில் புல் முளைத்துவிட்டது. அதிகாரிகள் வரும்போதெல்லாம் அந்தக் கல்லையே உள்ளே அடுக்கி, சுட்டு, எடுத்து முற்றத்தில் வைக்கிறோம். இது ஒன்பதாவது முறை. வெந்த கல்லை எதற்கு வேகவைக்கிறார்கள்? நீ படித்தவன், சங்கத் தலைவனாக இருந்தவன். விளக்கி எழுது.

மற்ற நாட்களில் அவ்வளவு பெரிய இடத்தில் நான் ஒருவன்தான். சில வாரம், ஸ்தமெனா வந்து கதவைத் தட்டிய பிறகுதான் என் குரலை நானே கேட்கிறேன்.

உன் க்வோஸ்தென்
(விரல் ரேகை)


லின்ஸ்
27 பிப்ரவரி 2006

அன்பு க்வோஸ்தென்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். முழங்கால் இருக்கிறது, அவ்வளவுதான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மிலுங்காவின் விலைச்சீட்டைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மருமகள் கதவைத் திறந்து ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையாட்டினேன். பேரன்கள் பேசுவதில் பாதி புரிகிறது. அந்தப் பாதிக்குத் தலையாட்டுகிறேன். பகலில் ரயில் நிலையத்தில் போய் உட்காருகிறேன். நம் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்து இறங்குபவர்கள் யாராவது நம் பேச்சில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு போவார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவேன்.

கல் விஷயத்துக்கு வருகிறேன். அரசு ஒரு தொழிற்சாலையை ஏலத்தில் விற்கும்போது, வாங்குபவர் மூன்று வருஷம் அதே தொழிலை நடத்த வேண்டும், ஆட்களை நீக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடும். அதைத்தான் வந்து பார்த்துப் போகிறார்கள். எல்லா ஊரிலும் கொஞ்சம் முன்னே பின்னேதான் நடக்கும். நீ தலையிடாதே. உனக்குச் சம்பளம் வருகிறது, அங்கே நிலக்கரிச் சூட்டில் காசில்லாமல் குளிர்காய்கிறாய். நெருப்பைப் பார்த்துக்கொள், போதும்.

என் மனைவி யெலித்சாவின் கல்லறையில் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று.

என்றும் அன்புடன்,
திஹோமிர்


மொராவாக் கரை
3 ஜூன் 2006

அன்புள்ள திஹோமிருக்கு,

நான் நலம். மெழுகுவத்தி ஏற்றினேன். காற்று அடித்தது, உடம்பால் மறைத்துக்கொண்டு முழுதும் எரியும்வரை நின்றேன். மே மாதம் பத்தாவது முறை சுட்டோம்.

போன செவ்வாய் பெர்சிதா என்று ஒரு வழக்கறிஞர் பெண் வீட்டுக்கு வந்தாள். வேலை போன நம் ஆட்களுக்காக அலைகிறாள். காபி போட்டுக் கொடுத்தேன். நீ கடிதத்தில் சொன்ன அந்த ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துக் காட்டினாள். மூன்று வருஷம் வருகிற நவம்பர் பதினாலாம் தேதியோடு முடிகிறதாம்.

"அதுக்குள்ள இங்க வேலையே நடக்கலன்னு நிரூபிச்சா ஒப்பந்தம் ரத்து. தொழிற்சாலை அரசுக்கே திரும்பும். மறுநாள் ஆயிட்டா, எல்லாம் சரியா முடிஞ்சதுன்னு சான்று கொடுத்துருவாங்க. அப்புறம் முதலாளி மொத்தத்தையும் இடிச்சாலும் யாரும் கேக்க முடியாது, தாத்தா" என்றாள். நெடுஞ்சாலையோர நிலம்தான் அவருக்கு வேண்டுமாம். ஒப்பந்தம் கூடாது என்று சொல்லியும், அந்த நிலத்தை வங்கியில் அடமானம் வைத்துவிட்டாராம்.

ஆக, நான் போடும் நெருப்புதான் அவருக்குச் சாட்சி. இரண்டரை வருஷமாக நான் அந்த இடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், திஹோமிர்.

இதற்காக எழுதவில்லை. அவள் பையிலிருந்து பத்துத் தாள் எடுத்தாள். மூன்று மாதத்துக்கு ஒன்று. 'அறுபத்திரண்டு பேரும் வேலையில் இருக்கிறார்கள், சூளை இடைவிடாமல் எரிகிறது, தொழிற்சங்கம் உறுதி சொல்கிறது' என்று எழுதியிருக்கிறதாம். சங்க முத்திரை. கீழே கையெழுத்து. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் உன் கையெழுத்தின் உருவம் தெரியும்: கரி கிளறும் கொக்கி மாதிரி ஆரம்பித்து வாலைச் சுருட்டும். முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறேன்.

முதல் தாளின் தேதி 2004 பிப்ரவரி. நீ பஸ் ஏறியது அந்த ஜனவரி ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. பழுப்புக் கோட்டு, மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. உன் பெட்டியை நான்தான் தூக்கிவந்தேன். லின்ஸிலிருந்து எப்படிச் சூளையைப் பார்த்தாய்?

பெர்சிதாவிடம் கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். எழுது.

உன் க்வோஸ்தென்


லின்ஸ்
21 ஜூன் 2006

க்வோஸ்தென்,

ஸ்தமெனா, இதைப் படிக்கும் நீ வெளியே யாரிடமும் சொல்ல மாட்டாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன் முதலாளி கூப்பிட்டார். "சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உங்கள அங்கேர்ந்து வரவழைக்க முடியுமா அண்ணே? சும்மா போட்டு வச்சிட்டுப் போங்க" என்றார். வெற்றுத் தாளில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டு தாள். நம் ஊரில் யார்தான் போடவில்லை? தொழிற்சாலையில் நம் ஆட்களுக்கு இருந்த பங்குகளை அவர் வாங்கியபோது, என்னுடையவற்றுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார். இங்கே வந்து மகன் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டாமே என்று வாங்கிக்கொண்டேன்.

நீ சாட்சி சொன்னால் வழக்கு என் மேல் திரும்பும். எழுபத்திரண்டு வயதில் நான் எல்லையைத் தாண்டி வந்தால் போலீஸ்தான் எதிர்கொள்ளும். என்னை யெலித்சா பக்கத்தில் புதைக்கக்கூடக் கொண்டுவர முடியாது. அந்த இடம் எப்படியும் செத்துப்போனதுதான். செங்கல் யாருக்கு வேண்டும் இப்போது?

பேசாமல் இருந்துவிடு. உனக்குப் படிக்கத் தெரியாது, உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

திஹோமிர்


மொராவாக் கரை
5 செப்டம்பர் 2006

அன்புள்ள திஹோமிருக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இரண்டு மாதம் எழுதாததற்குக் காரணம் ஸ்தமெனா இல்லை. "இன்னிக்காவது எழுதலாமா?" என்று வாராவாரம் கேட்டாள். "நாளைக்கு" என்றேன். ஆகஸ்டில் பதினோராவது சூடும் போட்டுவிட்டேன். கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருந்தது.

முப்பத்தொரு வருஷம் அறிவிப்புப் பலகை முன் என் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் திட்டுகிற மாதிரி நீ உரக்கப் படிப்பாய். "பாரு, ரெண்டாம் ஷிப்டாம், அதுவும் ஞாயித்துக்கிழமையாம்!" எனக்குப் படிக்கத் தெரியாது என்று அறுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் தெரியாமல் போனது அதனால்தான். அதற்கு நான் உனக்கு நன்றிகூடச் சொன்னதில்லை. சொன்னால் வெளியே தெரிந்துவிடுமே.

நீ படித்துக் காட்டியதை நான் ஒரு நாளும் வேறு யாரிடமும் கேட்டுச் சரிபார்த்ததில்லை. சாப்பாட்டுக் கூடத்தில், தொழிற்சாலையை விற்கலாமா என்று ஓட்டுப் போட்ட அன்று, பீன்ஸ் சூப் வாசத்துக்கு நடுவே, யாரும் பார்க்காமல் மறைத்துக்கொண்டு என் விரலைப் பிடித்து மையில் தொட்டு, "இங்க வை" என்றாய். வைத்தேன்.

பன்னிரண்டு தாள் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருஷம், வருஷத்துக்கு நான்கு. சின்னச் சின்ன விஷயத்துக்கு என்றால் ஐந்தோ இருபதோ போட்டிருப்பாய். எதற்கு என்று அன்றைக்கே உனக்குத் தெரியும். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உண்மை. எண்ணத் தெரியும்.

அக்டோபர் பத்தாம் தேதி தலைநகரில் விசாரணை. பெர்சிதா என்னைக் கூட்டிப்போகிறாள். நீ வா. நீயாக எழுந்து, வெற்றுத் தாளில் போட்டேன் என்று சொல். தானாக வந்து சொல்பவனைச் சட்டம் அவ்வளவாகக் கடிக்காது என்கிறாள் அவள். வந்தால் என் வீட்டில் இரு. அடுப்புப் பக்கத்துக் கட்டில் உனக்கு. நீ வந்தால் நான் உன் பெயரை எடுக்கவே வேண்டியிருக்காது.

கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. உன்னிடமிருந்து வந்ததை இதுவரை எரித்ததில்லை, எப்படி என்று தெரியவில்லை.

வா.

உன் க்வோஸ்தென்


மொராவாக் கரை
2 நவம்பர் 2006

திஹோமிருக்கு,

பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "என் கையில வந்த தபால் எதுவும் இதுவரைக்கும் தொலஞ்சதில்ல" என்று ஸ்தமெனா கோபித்துக்கொண்டாள். விசாரணைக்கு அவளும் விடுப்புப் போட்டுக் கூடவே வந்தாள்.

நீண்ட அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஒரு தடவை யாரோ அறை மாறி வந்துவிட்டார். நீ இல்லை.

முதலாளியின் வழக்கறிஞர் எழுந்தார். "எழுதப் படிக்கத் தெரியாத உங்களுக்கு, எத்தனாவது தடவ சுட்டதுன்னு எப்படித் தாத்தா தெரியும்?"

"உங்களுக்கு எத்தன பிள்ளைங்க, வக்கீலய்யா?"

"மூணு."

"எழுதி வச்சதப் பாத்தா சொன்னீங்க?"

தலைமை அதிகாரியே சிரித்துவிட்டார். பதினோரு சூட்டையும் சொன்னேன்: எந்தக் கிழமை, மழையா வெயிலா, வேனில் யார் யார் வந்தார்கள், யாருக்கு எந்த அளவு அங்கி. பிறகு சாக்கிலிருந்து இரண்டு கல்லை எடுத்து மேசையில் வைத்தேன். ஒருமுறை சுட்டது ஒன்று, பதினோரு முறை சுட்டது ஒன்று. தட்டிப் பாருங்கள் என்றேன். தட்டினார்கள். குழந்தைக்குக்கூட வித்தியாசம் கேட்கும்.

அப்போது அந்த வழக்கறிஞர் தாள்களை விரித்தார். "கல்லுச் சத்தம் மாற நூறு காரணம் இருக்கு. தொழிலாளிங்களோட சொந்தச் சங்கமே பதினோரு தடவ எழுதிக் குடுத்திருக்கு. இந்தக் கையெழுத்துப் பொய்யா?"

பொய்யில்லை, உன்னுடையதுதான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உன் கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. பத்து நிமிஷம் அவகாசம் கேட்டேன்.

வெளியே நடைவழியில், ஜன்னலோரம், ஸ்தமெனாவை அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை முழுதாகப் படிக்கச் சொன்னேன். எனக்கு அது மனப்பாடம்தான். ஆனாலும் ஏதாவது ஒரு வரி என் காதில் விழாமல் போயிருக்குமோ என்று. நான் எப்படி இருக்கிறேன் என்று எங்காவது கேட்டிருக்கிறாயா என்று. அவள் படித்து முடித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

உள்ளே போய்க் கொடுத்துவிட்டேன்.

ஒப்பந்தம் ரத்து என்று போன வியாழன் தீர்ப்பு வந்தது. தொழிற்சாலை அரசுக்குத் திரும்பிவிட்டது. இரண்டு பேர் வந்து வாசலில் சீல் வைத்து, சூளையோரம் நான் குளிர்காயப் போட்டிருந்த நெருப்பையும் அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன். மறுபடி ஏலம் விடுவார்களாம். வாங்க ஆள் வருவார்களா என்று பெர்சிதாவுக்கே தெரியவில்லை. சந்தையில் நம் ஆட்கள் சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மிலுங்கா மட்டும், "நல்ல காரியம் பண்ணினே போ, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்த அரை நாள் கூலியும் போச்சு" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை.

எனக்கும் இப்போது வேலை இல்லை. காலையில் எழுந்து கால்சட்டை போட்ட பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

உனக்கு அழைப்பாணை வரும். உன் கடித உறையிலிருந்துதான் விலாசம் எடுத்தார்கள். அது திடீரென்று கதவைத் தட்டக் கூடாது என்றுதான் இதை முந்தி அனுப்புகிறேன்.

டிசம்பரிலிருந்து ஸ்தமெனாவை மலைப்பக்கக் கிராமங்களுக்கு மாற்றுகிறார்கள். அதற்குப் பிறகு எனக்கு வருவதைப் பாதிரியாரோ, மருந்துக்கடைக்காரரோ, அன்று யார் கிடைக்கிறார்களோ அவர்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். அதனால் நீ எழுதுவதாக இருந்தால், யார் உரக்கப் படித்தாலும் நான் தலை குனியாமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிற மாதிரி எழுது.

க்வோஸ்தென்