எல்லே அணிப் பட்டியலின் முதற்பெயர்

என் நெஞ்சுக்கு மிக நெருங்கிய சரசு அக்காவுக்கு,

நீங்கள் போய் ஓராண்டாகிறது; வருகின்ற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஆட்டைத் திவசம். அதற்கென வெளியிடப்படும் நினைவு மலருக்கு எல்லோருமாகச் சேர்ந்து என்னை எழுதப் பணித்திருக்கிறார்கள். நம் எல்லேப் பந்தாட்ட அணியின் செயலாளர் என்பதாலும், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கற்ற தமிழ் பாரிசில் நம்மவர் கடைகள் நிறைந்த இந்த லாச்சப்பல் முழுவதும் சற்றே பெயர் பெற்றிருப்பதாலும் இப்பொறுப்பு என்னிடம் வந்தது. "பத்மா, உன்ரை கடிதத்தை வாசிக்கிறதெண்டால் குளிச்சிட்டு வந்துதான் இருக்கோணும்" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இம்முறையும் குளித்துவிட்டு வந்தே அமருங்கள். என்னால் வேறு விதமாக எழுத இயலவில்லை.

நலம் விசாரிக்கும் வழக்கமான வரியை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அங்கே உங்களுக்கு நலம் என்பது என்னவாக இருக்கும்? முழங்கைக்குப் பூசும் அந்தத் தைலம் தேவைப்படுகிறதா? நான் அறியேன். ஆகவே இங்குள்ள செய்தியைச் சொல்லுகிறேன். அதற்குள் நான் செய்த பிழை ஒன்றும் இருக்கிறது. அதை இம்மலரை வாசிப்போர் அனைவரும் அறியும்படியாகவே உங்களிடம் ஒப்புக்கொள்ள விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு நீங்கள் போன துயரத்தில் நாம் கோடை விளையாட்டு விழாவுக்குச் செல்லவில்லை. இவ்வாண்டு செல்வதென்று முடிவாயிற்று. விழாக் குழுவினர் ஓர் அணிக்குப் பன்னிரண்டு பெயர்களைத்தான் ஏற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மாசி மாதத்தில் முதற்பட்டியலைக் கேட்டார்கள். நான் வழக்கம்போல் பழைய பட்டியலை எடுத்து வைத்து, அழகிய கையெழுத்தில் படியெடுத்தேன். முதலாவது வரியில் உங்கள் பெயர், அருகில் 'அணித்தலைவி'. இரண்டாவது வரியில் தவமணி. பின்னர் இந்திரா முதலிய ஒன்பது பேர். பன்னிரண்டாவது இடம், துலூசுக்கு மணமாகிப் போன நம் சுகந்தியுடையது. அதை மட்டும் காலியாக விட்டேன்.

கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய். உங்கள் பெயரை எழுதும்போது எனக்குத் தெரிந்தே இருந்தது. இங்கே நம்மவரில் யார் இறந்தாலும் மரண அறிவித்தலுக்கு வாசகம் கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள். எத்தனையோ பெயர்களுக்கு முன்னால் 'அமரர்' என்று தயங்காமல் எழுதிக் கொடுத்த கை இது.

சித்திரையில் விழாக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து புதிதாகப் பாரிசுக்கு வந்தவர்; லூயி-பிளாங் வீதியில் தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார். உங்களை அவருக்குத் தெரியாது.

"அக்கா, உங்கடை அணியிலை பத்துப் பேற்றை மருத்துவச் செர்த்திபிக்கா வந்திட்டுது. முதலாவதா இருக்கிற ஆளின்ரை மட்டும் வரேல்லை. அவ டொக்டரிட்டைப் போகேல்லையோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவர் தற்சமயம் வெளியூர் சென்றிருக்கிறார். திரும்பியதும் அனுப்பிவைக்கப்படும்" என்றேன். வைகாசியில் இரண்டு தடவை மீண்டும் கேட்டார். அதே வாக்கியத்தை, ஒரு சொல்லும் மாறாமல், இரண்டு தடவையும் சொன்னேன்.

இதனிடையே புறநகரான கார்ஜிலிருந்து இரண்டு பெண் பிள்ளைகள் நம்மோடு ஆடிப் பழக வந்தார்கள். ஆரணி, மிதுனா, இருவருக்கும் பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்து, பிரெஞ்சுக் கழகம் ஒன்றில் பேஸ்பால் விளையாடுகிறவர்கள். மட்டை பிடிக்கிற விதமே வேறு. ஆரணி முதல் நாள் அடித்த பந்து மைதானத்துக் கம்பி வேலியைத் தாண்டி, வெளியே நின்ற ஒரு காரின் கூரையில் விழுந்தது. இந்திரா போய்க் காரின் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். அடிக்கும் ஆளில்லாமல் நாம் தோற்ற ஆட்டங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளைகள் இருவர், காலி இடம் ஒன்று. இங்கேதான் சிக்கல் தொடங்கிற்று.

தவமணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; வாசிப்போருக்காகச் சொல்லுகிறேன். நாற்பத்தொன்பது வயது. விடுதியொன்றில் நாள் முழுவதும் அறை துப்புரவு செய்துவிட்டு, முழங்காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார். எல்லேயில் பந்தை அடித்தவர் கொடி நட்ட தரிப்புக்குத் தரிப்பு ஓடிச் சுற்றை முடிக்க வேண்டும்; இரண்டு தரிப்புக்கு நடுவே அவர் உடம்பில் பந்தை எறிந்து பட்டுவிட்டால் ஆட்டமிழப்பார். அந்த எறியில் தவமணிக்கு நிகரில்லை. அவர் கைக்கு வந்த பிடியும் கீழே விழுந்ததில்லை. "தவம் எறிஞ்சால் கலியாண வீட்டிலை பன்னீர் தெளிச்ச மாதிரி. பட்டதும் தெரியாது, நொந்ததும் தெரியாது" என்பீர்கள். ஆனால் மட்டை அவருக்கு உதவுவதில்லை. மூன்று வாய்ப்பில் இரண்டு காற்றில் போகும். மூன்றாவது பத்து அடி உருளும். அதுவும் உண்மை.

சென்ற ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு நமக்குள்ளே இரண்டு பிரிவாகி ஆடினோம். நான் ஓட்டம் குறித்துக்கொண்டிருந்தேன். இந்திரா அடித்துவிட்டு இரண்டாம் தரிப்பைக் கடந்து ஓடினார். பந்து மிதுனாவின் கைக்கு வந்தது. அந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா அக்கா? பாய்ந்து போய் மூன்றாம் தரிப்பின் கொடியடியில் காலை ஊன்றி, பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேஸ்பாலில் ஓடுகிறவருக்கு முன்னே பந்தோடு தரிப்பை மிதித்தால் ஆட்டமிழப்பாக்கும் வழி ஒன்று இருக்கிறதாம். இந்திரா அவளைச் சுற்றிக்கொண்டு ஓடிச் சுற்றையே முடித்துவிட்டார்.

"நான் மிதிச்சிட்டன், அவ அவுட்" என்றாள் மிதுனா.

"கொடியை மிதிச்சு என்ன பிள்ளை? கொடியோ ஓடுது?" என்றார் இந்திரா, மூச்சு வாங்கிக்கொண்டே.

"செ பா ஜூஸ்த்" என்று முகம் சிவந்தாள் மிதுனா. நியாயமில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். தவமணி சிரிக்கவில்லை. "அவளும் என்ன செய்யிறது, கை பழகினபடிதானே போகும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்ததாக ஆரணி ஓடினாள். தவமணி பந்தைத் தடுத்தெடுத்து, நிமிர்ந்தும் பாராமல் எறிந்தார். அது போய் ஆரணியின் தோளில் மெல்லப் பட்டு விழுந்தது.

"தவமக்கா, நீங்க என்னைப் பாக்கவே இல்லையே?"

"பாத்தால் பாவமாக் கிடக்கும், பிள்ளை."

ஆட்டம் முடிந்து புல்லில் வட்டமாக அமர்ந்தோம். இந்திரா பொரித்துக் கொண்டுவந்த றோல்சும் என்னுடைய தேநீர்க் குடுவையும் சுற்றி வந்தன. சனிக்கிழமைக்குள் இறுதிப் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும் என்று அறிவித்துப் பட்டியலை நடுவில் வைத்தேன்.

இந்திரா நேரே தவமணியைப் பார்த்துச் சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். "தவமக்கா, கோவிக்காதேங்கோ. ரெண்டு பிள்ளையளும் வந்தால் எங்களுக்கு இருபது ஓட்டம் கூட வரும். நீங்கள் மறிச்சுத் தாறது எத்தினை? சரசக்கா இருந்தால் அடிக்கிற ஆளைப் போடெண்டுதான் சொல்லியிருப்பா."

மறுபக்கத்திலிருந்து ஒரு குரல்: "சரசக்கா இருந்தால் தவத்தை விட்டிட்டுப் பஸ் ஏறியிருக்க மாட்டா."

அரை மணி நேரம் இரண்டு பக்கமும் உங்கள் வாயாலேயே பேசினார்கள். நீங்கள் உண்மையில் எதைச் சொல்லியிருப்பீர்கள்? வெல்ல வேண்டும் என்ற வெறி உங்களுக்கும் உண்டு. தோற்ற நாளில் தொடருந்தில் யாரோடும் பேசமாட்டீர்கள். ஆனால் தவமணியின் முழங்காலுக்கு முதன்முதலில் துணிப்பட்டி வாங்கிக் கொடுத்தவரும் நீங்கள்தானே?

அப்போது ஆரணி பட்டியலைக் கையில் எடுத்தாள். தமிழைச் சற்று மெதுவாகத்தான் வாசிப்பாள். முதல் வரியில் விரலை வைத்து நிமிர்ந்தாள்.

"இது செத்துப்போன ஆன்ரி தானே? அவ விளையாட மாட்டா. அப்ப ரெண்டு இடம் இருக்கு."

 அவள் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதமாக அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் பன்னிரண்டாவது வரியிலிருந்து மேல்நோக்கி எண்ணி, உங்கள் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள்.

தவமணி அவளிடமிருந்து தாளை வாங்கினார். என் மடியில் இருந்த பேனாவையும் எடுத்தார்.

"அந்தப் பேரை ஒருத்தரும் தொடவேண்டாம். என்னை வெட்டுங்கோ. எனக்கும் முழங்கால் ஏலாது" என்று சொல்லி, இரண்டாவது வரியில் பேனாவை வைத்துவிட்டார்.

நான் தாளைப் பறித்தேன். வேறு சொல்லில்லை, பறித்தேன். என் வாழ்வில் எவர் கையிலிருந்தும் நான் எதையும் அப்படிப் பறித்ததில்லை. அவர் பெயரின் முதலெழுத்தின் மேல் ஒரு சிறு கீறல் விழுந்துவிட்டது.

அக்கா, அந்தக் கீறலைப் பார்த்தபோதுதான் நான் செய்திருப்பது இன்னதென்று எனக்கு விளங்கிற்று. உங்களைக் காத்துவைப்பதாக நினைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் ஒருத்தியை வெளியே அனுப்பும் இடத்துக்கு அணியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் போயிருப்பார். உங்களுக்காகப் போகிறேன் என்ற நிறைவோடு போயிருப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் வழியில் தவமணியும் நானும் தொடருந்தில் அருகருகே அமர்ந்திருந்தோம். சென்-தெனி நிலையம் கடந்தது. பிறகு அவர் கேட்டார்:

"சரசக்கா வெளியூர் போட்டா எண்டு நீர் போனிலை கடைக்காரருக்குச் சொன்னது என்ரை காதிலையும் விழுந்தது. எந்த ஊர் எண்டு சொன்னனீர்?"

"ஊரைக் குறிப்பிடவில்லை" என்றேன்.

"அது நல்லதாப் போச்சு. அவ எங்கை போனாலும் நெடுக ஓரிடத்திலை இருக்கமாட்டா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதிரே இருந்த பெண்மணி தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டிய பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பதை அறிந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து நேரே லூயி-பிளாங் வீதிக் கடைக்குப் போனேன். அவர் யாருக்கோ தொலைபேசிக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் போகும்வரை காத்திருந்தேன்.

"தம்பி, முதலாவது பெயருக்கான அந்தச் சான்றிதழ் வராது."

"ஏனக்கா, அவ இன்னும் திரும்பேல்லையோ?"

"அவர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்."

அந்த வாக்கியத்தை நான் முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். வழக்கமான வாக்கியம்தான். பிறருக்கு எழுதிக் கொடுக்கும்போது அது இவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

அவர் கையிலிருந்த சிறு திருப்புளியை மேசையில் வைத்தார். "ஐயோ அக்கா. நான் மூண்டு தரமெல்லே போன் எடுத்துக் கரைச்சல் குடுத்தனான்" என்றார். நான் எதிர்பார்த்த கோபம் அவர் முகத்தில் இல்லை. சற்றுப் பொறுத்து, "முதல் வரியை வெறுமையா விடட்டோ? குழுவிலை நான் கதைக்கிறன்" என்று கேட்டார். நல்ல மனிதர், அக்கா. நீங்கள் இருந்திருந்தால் அவரையும் நடுவராக்கி வெயிலில் நிறுத்தியிருப்பீர்கள்.

வேண்டாம் என்றேன். அவருடைய கடை மேசையிலேயே புதிய தாளில் புதிய பட்டியலை எழுதினேன். முதலாவது வரியில் தவமணி, அணித்தலைவி. கீறல் இல்லாமல் எழுதினேன். பதினோராவது ஆரணி. பன்னிரண்டாவது மிதுனா.

நான் பெரிய தீர்ப்பு ஒன்றைச் சொல்லிவிட்டதாக நினைக்க வேண்டாம். அடிக்கிற இளங்கையா, விடாத முதிர்ந்த கையா என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் விடையில்லை. உங்கள் இடத்தை எடுத்துக் கொடுத்து அதை ஓராண்டு தள்ளிவைத்திருக்கிறேன்; அவ்வளவே. தவமணியின் முழங்கால் மறுபடியும் அதைக் கொண்டுவரும். அன்று இந்திரா சொல்வதே சரியாகவும் இருக்கலாம். ஆனால் அன்று உயிரோடிருப்பவர்களின் பெயர்களை மட்டும் வைத்து முடிவெடுப்போம். உங்கள் வாயை எவரும் கடன் வாங்க விடமாட்டேன்.

நீங்கள் நிற்கும் மூன்றாம் தரிப்பருகில் இப்போது மிதுனா நிற்கிறாள். பந்து கைக்கு வந்தால் கால் இன்னும் கொடியைத் தேடித்தான் போகிறது. மறு தரிப்பிலிருந்து தவமணி, "கொடியை விடு, ஆளுக்கு எறி!" என்று கத்துகிறார். அந்த அமைதியான மனுசிக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது. அணித்தலைவியான பிறகுதான் கேட்டோம்.

பழைய பட்டியலைக் கிழிக்கவில்லை. உங்கள் பெயரும் தவமணியின் பெயர்மேல் விழுந்த கீறலும் உள்ள அந்தத் தாள் என் அகராதிக்குள் இருக்கிறது.

அக்கா, ஒன்றை மட்டும் உங்களுக்கு உறுதி கூறுகிறேன். விழா நாளில் மைதானத்தில் பழைய அணிக்காரர் பலர் வருவார்கள், 'சரசு எங்கே?' என்று தெரியாமல் கேட்பவர்களும் இருப்பார்கள். இனி எவர் கேட்டாலும் நீங்கள் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லமாட்டேன்.

இங்ஙனம்,
உங்கள் கூடப் பிறவாத, கூடவே நின்ற தங்கை
பத்மா